வென்றவனை வெல்லப்பட்டவனின் இடத்தில் நிறுத்திய எச்.ஜி.வெல்ஸ்

இலண்டனுக்குத் தென்மேற்கே அமைந்துள்ள வோக்கிங் நகரின் மத்தியில் ஏழு மீற்றர் உயரமான உலோகச் சிற்பமொன்று நிற்கின்றது. மூன்று நீண்ட கால்களில் ஊன்றி நிற்கும் அந்த இயந்திர உருவம் எந்தவொரு மன்னரையோ தளபதியையோ நினைவுகூருவதற்காக எழுப்பப்பட்டதன்று. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து அந்நகரையும் அதனைச் சூழவுள்ள ஊர்களையும் சாம்பலாக்கியதாக ஒரு நாவலில் வர்ணிக்கப்பட்ட எதிரியின் உருவமே அது. நாவல் வெளிவந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்ற 1998 இல் அச்சிற்பம் அங்கு நிறுவப்பட்டது. கற்பனையில் தமது ஊரை அழித்தவனுக்கே ஒரு நகரத்தார் சிலை வைத்தார்கள் என்றால், அக்கற்பனையின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். அதனை எழுதிய ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ், வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பு என்ற கதை வகைக்கு இன்றுவரை நிலைத்திருக்கும் வடிவத்தைக் கொடுத்தவர்.

வெல்ஸ் 1866 செப்டெம்பர் 21 ஆம் திகதி கென்ட் மாவட்டத்தின் புரொம்லி என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் உபகரணங்களும் விற்கும் சிறு கடையொன்றை நடத்தியவர். கிரிக்கெட் ஆட்டத்தில் தேர்ந்த பந்துவீச்சாளரான அவர், 1862 இல் கென்ட் அணிக்காக விளையாடியபோது தொடர்ச்சியான நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். ஆயினும் விளையாட்டிற் கிடைத்த புகழ் கடையைத் தாங்கவில்லை. தாய் சாரா, திருமணத்திற்கு முன்னர் செல்வந்தர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். 1877 இல் தந்தையின் கால் எலும்பு முறிந்து விளையாட்டு வருமானமும் நின்றபின், குடும்பத்தைக் காப்பதற்காகத் தாய் மீண்டும் பணிக்குச் சென்றார். சசெக்ஸ் மாவட்டத்தின் அப்பார்க் மாளிகையில் வீட்டு நிர்வாகத்துக்குப் பொறுப்பாளராக அவர் அமர்ந்ததே மகனின் வாழ்வில் திருப்பமாயிற்று. அம்மாளிகையின் நூலகத்திலேதான் பிளேட்டோவையும் ஜொனதன் சுவிஃப்டையும் சிறுவன் வெல்ஸ் கண்டுகொண்டார்.

ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அன்றைய இங்கிலாந்து விதித்திருந்த பாதை நூலகத்துக்குச் செல்வதாக இருக்கவில்லை. பதின்மூன்று வயது முடிவதற்குள்ளேயே அவர் புடவைக்கடையொன்றில் வேலை பழகுவதற்கு அனுப்பப்பட்டார். பின்னர் சவுத்சீ நகரில் மற்றொரு புடவைக்கடையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் உழைத்தும், ஏனைய பணியாளர்களுடன் ஒரே கூடத்தில் உறங்கியும் இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். இவ்வாழ்க்கை இனி இயலாதென ஒரு நாள் பல மைல் தூரம் நடந்தே தாயிடம் சென்று முறையிட்டார். 1883 இல் அவ்வேலையிலிருந்து விடுபட்டு, மிட்ஹேர்ஸ்ட் பாடசாலையில் கற்றுக்கொண்டே கற்பிக்கும் மாணவ ஆசிரியரானார். கீழே நசுக்கப்படுபவனுக்கு மேலே இருப்பவர்கள் எவ்வாறு தோன்றுவர் என்பதை வெல்ஸ் நூல்களில் மாத்திரம் படித்து அறிந்தவரல்லர்.

1884 இல் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் தெற்கு கென்சிங்டனில் இருந்த விஞ்ஞானக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு முதலாம் ஆண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர் தோமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கையை எதிர்ப்பாளர்களிடமிருந்து காத்து நின்ற அந்த ஆசிரியரிடம் கற்ற ஓராண்டு, வெல்ஸின் சிந்தனைக்கு வாழ்நாள் முழுவதும் அடித்தளமாயிற்று. உயிரினங்களின் வரலாற்றில் மனிதனுக்கென நிரந்தரமான சிம்மாசனம் எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதும், இன்று ஆளும் இனம் நாளை அழியலாம் என்பதும் அவர் அங்கு பெற்ற பாடங்களாகும். எனினும் ஹக்ஸ்லியின் வகுப்புக்குப் பிந்திய காலத்தில் அவரது அக்கறை மாணவர் சஞ்சிகையிலும் அரசியல் விவாதங்களிலும் திரும்பியது. 1887 இல் புவியியற் சரிதப் பாடத்தில் சித்தியடையாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

அதே ஆண்டு வேல்ஸில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, உதைபந்தாட்டத்தின்போது சிறுநீரகத்தில் பலத்த அடிபட்டது. அதனைத் தொடர்ந்து நுரையீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நோயும் அவரை வாட்டியது. நெடுநாள் வாழமாட்டார் என்று கருதப்பட்ட இளைஞர், 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையில் விலங்கியற் பட்டம் பெற்றார். உடல்நிலை காரணமாக வகுப்பறையில் நின்று கற்பிப்பது கடினமாகவே, படுக்கையிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழிலாக எழுத்தைத் தெரிந்துகொண்டார். 1895 இல் வெளிவந்த காலயந்திரம் அவரை ஒரே ஆண்டில் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. டொக்டர் மோரோவின் தீவு 1896 இலும், காணமுடியாத மனிதன் 1897 இலும் வெளிவந்தன. உலகங்களின் யுத்தம் 1897 இல் சஞ்சிகைத் தொடராகவும் 1898 இல் நூலாகவும் வெளியாயிற்று.

வெளிநாட்டுப் படை இங்கிலாந்தின் மண்ணில் இறங்குவதாகக் கதை எழுதுவது அக்காலத்தில் புதியதன்று. பிரான்ஸை ஜேர்மன் படைகள் தோற்கடித்த 1871 இல், ஜோர்ஜ் செஸ்னி என்ற இராணுவ அதிகாரி டோர்க்கிங் சமர் என்னும் கதையை எழுதினார். ஜேர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதாகக் கூறிய அக்கதை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதனைப் பின்பற்றி எழுந்த கதைகள் யாவும் படைபலத்தைப் பெருக்குங்கள் என்ற ஒரே எச்சரிக்கையையே விடுத்தன. மறுபுறத்தில், 1877 இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேற்பரப்பில் கண்டதாகக் கூறிய கோடுகளை, அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று அமெரிக்கரான பேர்சிவல் லோவெல் 1895 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அக்கோடுகள் கண்ணின் மயக்கமே என்பது பின்னர் தெளிவாகியது. ஆயினும் வறண்டுபோகும் ஒரு கிரகத்தில் நீருக்காகத் தவிக்கும் முதிர்ந்த நாகரிகம் என்ற எண்ணம் அப்போது பலரையும் கவர்ந்திருந்தது.

இவ்விரண்டையும் இணைப்பதற்கு மூன்றாவது பொறியொன்று தேவைப்பட்டது. வெல்ஸ் தமது சகோதரர் ஃபிராங்குடன் சரே மாவட்டத்தின் அமைதியான கிராமப்புறத்தில் நடந்துகொண்டிருந்த வேளையில் அது கிடைத்தது. ஐரோப்பியர் தஸ்மேனியாவில் இறங்கியபோது அங்கிருந்த ஆதிக்குடிகளுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. இதே போல வேறொரு கிரகத்தவர் வானத்திலிருந்து இறங்கி இங்கே எங்களைத் தாக்கத் தொடங்கினால் எவ்வாறிருக்கும் என்று சகோதரர் கேட்டார். நாவல் முழுவதும் அக்கேள்வியின் விரிவேயாகும். அந்நூலைச் சகோதரருக்கே வெல்ஸ் காணிக்கையாக்கினார்.

1895 இல் வோக்கிங்கில் குடியேறிய வெல்ஸ், துவிச்சக்கரவண்டியில் சுற்றித் திரிந்து, எந்த வீட்டை எரிப்பது, எந்தப் பாலத்தைத் தகர்ப்பது என்று இடங்களைத் தெரிவு செய்தார். அண்மையிலிருந்த ஹோர்செல் வெளியில் முதலாவது உருளை வந்து வீழ்கின்றது. வெள்ளைக் கொடியுடன் சமாதானம் பேசச் சென்றவர்களை வெப்பக் கதிர் எரித்துவிடுகின்றது. மூன்று கால் இயந்திரங்கள் எழுந்து நடக்கின்றன. நச்சுக் கரும்புகை பள்ளத்தாக்குகளை நிறைக்கின்றது. உலகின் மிகப்பெரிய சாம்ராச்சியத்தின் தலைநகரம் ஓரிரு நாட்களில் வெறுமையாகின்றது. அரசாங்கம் மறைகின்றது. இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் வடக்கும் கிழக்குமாக வீதிகளை நிறைத்து ஓடுகின்றனர். வண்டியின் சக்கரத்தில் நசுங்கும் நிலையிலும் சிந்திய பொற்காசுகளைப் பொறுக்கும் மனிதனும், சனநெரிசலில் உறவைத் தவறவிட்டவர்களும் அப்பக்கங்களில் வருகின்றனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஒருமுறையேனும் ஓடியவர் எவரும் அவ்வத்தியாயங்களை வெறும் கற்பனையென்று படித்துவிட முடியாது.

மனிதர் எதிர்த்துப் போரிடவில்லையா என்ற வினா எழலாம். போரிட்டனர். தேம்ஸ் நதிக்கரையில் மறைந்திருந்த பீரங்கிகள் ஓர் இயந்திரத்தை வீழ்த்துகின்றன. அகதிகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களைக் காப்பதற்காகத் தண்டர் சைல்ட் என்னும் போர்க்கப்பல் எதிரியின் மீது நேரே பாய்ந்து, இரண்டு இயந்திரங்களை அழித்துத் தானும் அழிகின்றது. அந்த வீரத்தை வெல்ஸ் மெய்யான மரியாதையுடனேயே எழுதினார். ஆயினும் அதனால் போரின் முடிவு மாறியதாக அவர் காட்டவில்லை. இன்னொரு வகை எதிர்ப்பை அவர் ஈவிரக்கமின்றி எள்ளி நகையாடினார். தப்பிப் பிழைத்த பீரங்கிப் படைவீரன் ஒருவன், நிலத்தடிக் கால்வாய்களில் வாழ்ந்து, வலியவர்களை மட்டும் சேர்த்து, பலவீனரை ஒதுக்கி, ஒருநாள் எதிரியின் ஆயுதங்களையே கைப்பற்றப்போவதாக முழங்குகின்றான். அதற்காக அவன் தோண்டியதோ பத்து யார் நீளமான குழி மாத்திரமே. சற்று நேரத்தில் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஷம்பெயின் அருந்தவும் சீட்டாடவும் அமர்ந்துவிடுகின்றான். விடுதலையின் பெயரால் வீரவசனம் பேசி, சொந்த மக்களிலேயே தகுதியற்றவர்களைக் களையெடுக்கத் துடிக்கும் மனிதனை 1898 இலேயே வெல்ஸ் அடையாளம் கண்டிருந்தார்.

இறுதியில் செவ்வாய்வாசிகளை வீழ்த்துவது படையுமன்று, தந்திரமுமன்று. பூமியின் பற்றீரியாக்களுக்கு எதிரான சக்தி உடலில் இல்லாமையால் அவர்கள் தாமாகவே மடிகின்றனர். ஹக்ஸ்லியின் மாணவருக்கு உகந்த முடிவு அது. எனினும் மெய்யான வரலாற்றில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடந்தது. அமெரிக்கக் கண்டங்களிலும் அவுஸ்திரேலியாவிலும் கிருமிகள் வந்திறங்கியவர்களுக்குத் துணைநின்றன. மண்ணின் மக்களே கொத்துக்கொத்தாக மடிந்தனர்.

வெல்ஸின் பார்வையில் இருந்த மற்றொரு குறையையும் இங்கு கூறுதல் தகும். ஐரோப்பியக் குடியேறிகள் தஸ்மேனியரை ஐம்பது ஆண்டுகளுள் முற்றாக அழித்துவிட்டதாக நாவலின் முதல் அத்தியாயத்திலேயே அவர் எழுதினார். தமது வாசகர்களை வெட்கப்பட வைப்பதற்கே அதனை எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் முற்றாக அழிந்தனர் என்பது குடியேறிகள் எழுதிவைத்த வரலாறாகும். பிரித்தானியர் அங்கு குடியேறத் தொடங்கியது 1803 இல். 1820 களின் நடுப்பகுதியிலிருந்து 1832 வரை அத்தீவின் மக்கள் ஈட்டிகளுடன் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றனர். எஞ்சியோர் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு நோயாலும் ஏக்கத்தாலும் இறந்தனர். 1876 இல் மறைந்த துருகானினி என்ற பெண்மணியே கடைசித் தஸ்மேனியர் என்று உலகுக்குக் கூறப்பட்டது. அவரது எலும்புக்கூடு பல்லாண்டுகள் நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்து, 1976 இலேயே தகனம் செய்யப்பட்டு அவரது மண்ணின் கடலில் கரைக்கப்பட்டது. அம்மக்களின் சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர், தமது நிலத்துக்கும் மொழிக்கும் உரிமை கோருகின்றனர். அழிக்கப்பட்டவர்களுக்காக இரங்கிய வெல்ஸ், அவர்கள் எதிர்த்து நின்றதையும் எஞ்சியிருந்ததையும் காணத் தவறிவிட்டார்.

இதனிலும் பாரதூரமான தவறொன்றை அவர் பின்னர் இழைத்தார். 1901 இல் எழுதிய எதிர்காலம் பற்றிய நூலொன்றில், வருங்காலத் திறமைமிகு உலகின் தேவைக்குப் பொருந்தாத மக்களினங்கள் மறைந்தே ஆகவேண்டும் என்ற கருத்தை ஈரமின்றி முன்வைத்தார். மூன்றாண்டுகளுக்கு முன்னர் பீரங்கி வீரனின் வாயில் வைத்து அவரே நகையாடிய சிந்தனையல்லவா அது! 1905 இல் வெளிவந்த நவீன கற்பனாபுரி பற்றிய நூலில் இனத்துவேசத்தை வன்மையாகக் கண்டித்து அவர் தம்மைத் திருத்திக்கொண்டார். ஆக்கிரமிப்பின் கொடுமையை அத்துணை தெளிவாகக் கண்டவரே ஆக்கிரமிப்பாளரின் தர்க்கத்தில் ஒருகாலம் வழுக்கி விழுந்தார் என்பதை அவரது அபிமானிகள் மறைக்க வேண்டியதில்லை.

போர் பற்றிய அவரது ஊகங்கள் பலவும் அச்சமூட்டும் வகையில் மெய்ப்பட்டன. 1903 இல் கவச வாகனங்களையும், 1908 இல் வானிலிருந்து நகரங்கள் குண்டுவீசி அழிக்கப்படுவதையும் எழுதினார். 1914 இல் அணுகுண்டு என்ற பெயரையே கதையொன்றிற் பயன்படுத்தினார். 1932 இல் அக்கதையைப் படித்த பௌதிகவியலாளர் லியோ சிலார்ட், மறு ஆண்டு அணுத் தொடர்வினை பற்றிய கருத்தை எட்டினார். 1945 இல் ஹிரோஷிமா அழிந்தபோது வெல்ஸ் உயிருடன் இருந்தார்.

முதலாம் உலகப்போரை, போருக்கே முடிவுகட்டும் போர் என்று நம்பி ஆதரித்து ஏமாந்த அவர், பின்னர் மனிதகுலம் முழுவதற்குமான ஒரே வரலாற்றை எழுதினால் பகை தணியும் என்று கருதினார். 1920 இல் நிறைவுற்ற அவரது உலக வரலாற்றில், படையெடுத்துப் புகழ்பெற்ற மன்னர்களுக்கு மேலாக, வென்றபின் போரைத் துறந்த அசோகனை அவர் உயர்த்தி வைத்தார். 1920 இல் லெனினையும், 1934 இல் ரூஸ்வெல்ட்டையும் ஸ்டாலினையும் நேரிற் சந்தித்து உரையாடினார். நீரிழிவு நோயாளியான அவர், அதே 1934 இல் பிரித்தானிய நீரிழிவு நோயாளர் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார்.

1933 மே மாதத்தில் நாஸிகள் தீயிட்ட நூல்களில் வெல்ஸின் நூல்களும் இருந்தன. அம்மாதமே டுப்ரோவ்னிக் நகரில் பென் எழுத்தாளர் அமைப்பின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், நாடுகடந்திருந்த ஜேர்மன் எழுத்தாளர் ஏர்ன்ஸ்ட் டொலர் பேசுவதற்கு இடமளித்தார். ஹிட்லர் சார்பான ஜேர்மன் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தனர். 1940 இல் பிரித்தானியாவைக் கைப்பற்றியதும் கைது செய்யவேண்டியோரின் பட்டியலொன்றை நாஸிகள் தயாரித்து வைத்திருந்தனர். அதில் வெல்ஸின் பெயரும் இருந்தமை போர் முடிந்தபின் தெரியவந்தது. கற்பனையில் இலண்டன் மீது படைகளை ஏவியவர், மெய்யான குண்டுகள் விழுந்தபோது அந்நகரை விட்டுச் செல்ல மறுத்துத் தமது வீட்டிலேயே தங்கியிருந்தார். அவ்வாண்டே மனித உரிமைகள் பற்றிய சிறு நூலொன்றையும் வெளியிட்டார். 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளில் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 1946 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, எழுபத்தொன்பதாவது வயதில், இலண்டன் இல்லத்தில் அவர் காலமானார்.

அவரது கதை அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1938 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்க வானொலியில் ஓர்சன் வெல்ஸ் என்ற இளங்கலைஞர் அந்நாவலைச் செய்தி அறிக்கை பாணியில் நாடகமாக ஒலிபரப்பினார். நேயர்களில் ஒரு பகுதியினர் மெய்யென நம்பிக் கலங்கினர். நாடே பீதியில் உறைந்ததாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகைப்படுத்தல் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 1949 பெப்ரவரியில் ஈக்குவடோரின் தலைநகர் கீட்டோவில் இதே போன்ற நாடகம் ஒலிபரப்பானபோது விளைவு கொடூரமாயிற்று. ஏமாற்றப்பட்டதை உணர்ந்த கூட்டத்தினர் வானொலி நிலையமும் பத்திரிகை அலுவலகமும் இயங்கிய கட்டடத்துக்குத் தீ வைத்தனர். உள்ளேயிருந்தோர் சிலர் உயிரிழந்தனர். அச்சத்தைச் செய்தியாக விற்பதன் விலை என்னவென்பது செய்தித் தொழிலில் இருக்கும் எவரும் மறக்கக்கூடாத பாடமாகும்.

திரைப்படங்கள் அக்கதையை வேறு திசைக்குத் திருப்பின. 1953 இல் வெளியான படத்தில் அணுகுண்டு கூடச் செவ்வாய்வாசிகளிடம் தோற்றாலும் முடிவு வெல்ஸ் எழுதியதாகவே இருந்தது. 1996 இல் வெளியான சுதந்திர தினம் என்னும் அமெரிக்கப் படத்தில் பற்றீரியாவின் இடத்தைக் கணினி வைரஸ் பிடித்துக்கொண்டது. உலகின் மிக வலிய நாடு, தன்னையே தாக்கப்பட்ட அப்பாவியாகவும் உலகை மீட்கும் வீரனாகவும் அதிற் கண்டு மகிழ்ந்தது. 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி.கிளார்க், 1953 இல் எழுதிய நாவலில் இன்னொரு வாசலைத் திறந்தார். அவரது வேற்றுக்கிரகவாசிகள் சமாதானத்தையும் செழிப்பையும் கொண்டுவருகின்றனர். ஆனால் அந்த நல்லாட்சியில் மனிதகுலம் தன் எதிர்காலத்தைத் தானே தீர்மானிக்கும் ஆற்றலை இழக்கின்றது. குடியேற்ற ஆட்சி பற்றிய வெல்ஸின் கேள்வி அங்கும் தொடர்ந்து ஒலிக்கின்றது.

வெல்ஸ் தமது நாவலைத் தோற்றுப்போன மக்களுக்காக எழுதவில்லை. சூரியன் மறையாத சாம்ராச்சியத்தின் மத்தியில், காலையுணவுடன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்தினருக்காக எழுதினார். உங்கள் வீதியில், உங்கள் தொடருந்து நிலையத்தில் இது நடந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களைக் கேட்டார். நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. தாம் பட்ட துன்பங்களைக் கணக்கிட்டு வைப்பது எந்தவொரு சமூகத்துக்கும் எளிதாகவே இருக்கின்றது. தம்மவர் பிறருக்கு இழைத்ததை, இழைக்கப்பட்டவரின் வீட்டு முற்றத்தில் நின்று பார்ப்பது எல்லோருக்கும் கடினமாக இருக்கின்றது. அந்தக் கடினமான காரியத்தைத் தமது சொந்த மக்களைச் செய்யவைக்க முயன்றவர் என்ற வகையிலேயே, அவரது குறைகளையும் அறிந்துகொண்டு, வெல்ஸ் இன்றும் படிக்கப்பட வேண்டியவராகின்றார்.